மேனேஜரம்மா படிக்கப் போகிறாள்

வீடு,
ஜனவரி 9

என்னங்க,

இங்கே நான் நலம், வெளியூரில் குட்டியும் நலம். உங்கள் நலத்தைத்தான் சந்தேகப்படுகிறேன். முழங்கால் வலி என்று ஒரு வரி எழுதிவிட்டு, கப்பல் சமையல்காரர் செய்த கூத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். டாக்டரிடம் காட்டினீர்களா, இல்லையா?

போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. மீதி நேரம் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர் தொண்டையைக் கனைக்கிறார். கடிதம்தான் நமக்குச் சரி. தாமதமாக வந்தாலும் பாதியில் அறுந்துபோவதில்லை.

குட்டிக்கு இந்த மாதம் ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட். நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறவள் காலை டிபனைத் தவிர்க்கிறாள். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் "சரிம்மா" என்று மட்டும் சொல்வாள்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நவம்பரில் ஒரு பரீட்சை எழுதினேன். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு. பெயிலானால் உங்களிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று இருந்தேன். பாசாகிவிட்டேன். மார்ச்சில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள்.

பரீட்சை மையத்து வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும், "பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் நிழல்ல உட்காருங்கம்மா" என்றார். "நான்தாங்க எழுதப்போறேன்" என்று அனுமதிச் சீட்டைக் காட்டினேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரொம்ப அன்பாக, "பொண்ணுக்குப் பதிலா நீங்க எழுதக் கூடாதும்மா" என்றார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. முதல் ஐந்து நிமிஷம் அதிலேயே போய்விட்டது.

ஏன் இந்த வயதில் என்று கேட்பீர்கள். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சின்ன முதலாளி வந்ததைப் போன கோடையில் எழுதியிருந்தேன். நல்ல பிள்ளை. ஒரு நாள் எங்களையெல்லாம் உட்கார வைத்து, பலகையில் படம் வரைந்து பாடம் எடுத்தான். ஒட்டும் மெஷினுக்கு முன்னால் அட்டை மலை மாதிரி குவியுமே, அதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம். பாட்டில் கழுத்து மாதிரி, அங்கேதான் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமாம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காப்பாற்றினால் தொழிற்சாலை முழுவதும் ஓடுமாம். மேனேஜரான இந்தப் பதினாறு வருஷமாகக் காலையில் முதல் வேலையாக ஒட்டும் மெஷின்காரரிடம் போய், "சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படியிருக்கு" என்று நான் கேட்பது வேறு எதற்காம்? நான் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் பெயர் இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதற்கு அடுத்த மாதம் பொது மேலாளர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். வயது இருபத்தொன்பது. மூன்று வாரம் நான்தான் அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. பதவி மேல் இல்லை, அந்தப் பெயர்கள் மேல்.

திட்டுவதானால் கடிதத்தில் திட்டுங்கள். ஆற அமரப் படித்துக்கொள்கிறேன்.

உங்கள்
பரீட்சைக்காரி


கப்பல்,
பிப்ரவரி 2

அன்பு மேனேஜரம்மாவுக்கு,

திட்டுவதா? உன் கடிதத்தை இஞ்சின் அறையில் நின்றபடி படித்தேன். அந்த இரைச்சலில் நான் "ஆஹா" என்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு மேலே ஏறிப் போய்ச் சமையல்காரரிடம் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "சார், இனிமே வீட்டுல எது வேணும்னாலும் மனு எழுதிக் கொடுக்கணும், அவங்க பரிசீலனை பண்ணுவாங்க" என்றார். ஒரு வாரமாக நான் மேசைக்குப் போனாலே, "மனு கொண்டு வந்தீங்களா" என்று கேட்கிறார்.

முழங்காலை டாக்டர் பார்த்தார். ஏணி ஏறாதே என்றார். கப்பலில் ஏணி ஏறாமல் இருப்பது தண்ணீரில் நனையாமல் நீந்துவது மாதிரி. அதனால் நானும் ஒரு முடிவு எடுத்தேன். நேரில் வந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நீ உன் ரகசியத்தை உடைத்துவிட்டாய், நான் மட்டும் எதற்குக் கட்டிக்காக்க வேண்டும்?

இதுதான் என் கடைசிக் கப்பல். கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூலை ஆறாம் தேதி கரை இறங்குகிறேன். இறங்கினால் இறங்கினதுதான்.

நம்புகிறாயா? எனக்கே நம்பிக்கை வரவில்லை. கேபினில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நாம் ஒரே வீட்டில் இருந்தது நாலு வருஷம் ஏழு மாதம். அதுவும் பொடிப்பொடியாக. இனிமேல்தான் குடித்தனம்.

வகுப்பு எப்போது, சனி ஞாயிறிலா, மாலையிலா? மாலையில் என்றால் ரொம்ப நல்லது. வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு எதிரிலுள்ள டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். நீ வெளியே வந்ததும், "இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்பேன். உன் பையை நான்தான் தூக்குவேன்.

இனி அதிக நாள் கடலில் இல்லாத,
உன் இஞ்சினியர்


வீடு,
பிப்ரவரி 25

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் பிரித்தேன். ஜூலை ஆறு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி, அதற்கு அடுத்ததும் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். இருபத்தைந்து வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட ஒரு வாக்கியம். வந்துவிட்டது. வந்த நேரத்தைத்தான் என்ன சொல்வது.

அந்த டீக்கடையை மனதில் ஆயிரம் தடவை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கல்லூரி நம் ஊரில் இல்லை. ரயிலில் ஒரு இரவும் ஒரு பகலும். மாலை வகுப்பு கிடையாது. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். பதினைந்து மாதம். ஜூலை ஒன்றாம் தேதி தொடங்குகிறது.

ஜூலை ஒன்று. நீங்கள் இறங்குவது ஆறு.

இந்த ஊரிலும் மாலைக் கல்லூரி இருக்கிறது. போய்ப் பார்த்தேன். என் அனுபவத்துக்குச் சலுகையாக ஒரு சான்றிதழ் தருகிறோம், வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்றார்கள். சான்றிதழ் எனக்கு வேண்டாம். என்னைவிடத் தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து தப்பாகப் பதில் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஆசை விசித்திரமாகத்தான் இருக்கிறது, எனக்கே தெரிகிறது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, "ஏன் இப்போது?" முந்நூறு சொற்களில் எழுத வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில், "என் கணவர் கடலில் இருந்ததால் வீட்டிலும் வெளியிலும் எல்லா முடிவையும் நானே எடுத்துப் பழகினேன்" என்று தொடங்கினேன். படித்துப் பார்த்தால் உங்களைக் குறை சொல்வது மாதிரி இருந்தது. அடித்தேன். அடித்த பிறகு எழுத வேறு உண்மை எதுவும் கிடைக்கவில்லை. மறுபடி எழுதிவிட்டேன்.

சீட்டு கிடைக்குமோ கிடைக்காதோ. கிடைக்காவிட்டால் ஜூலை ஆறாம் தேதி துறைமுகத்தில் முதல் ஆளாக நிற்பேன். அப்படிக்கூடச் சில சமயம் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் நான்


வீடு,
மார்ச் 20

என்னங்க,

உங்கள் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. நேர்முகத் தேர்வு முடிந்து வந்துவிட்டேன்.

காத்திருக்கும் அறையில் பதினொரு பேர். பத்துப் பேருக்கு நம் குட்டி வயது. ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "மேடம், என்னை எப்பக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள். "என்னைக் கூப்பிட்ட பிறகும்மா" என்றேன். பாவம், முகமெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு அவள்தான் எனக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து தந்தாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "படிச்சு முடிக்கும்போது உங்களுக்கு நாற்பத்தொன்பது ஆகப்போகுது. யார் வேலை கொடுப்பாங்க?" என்றார். நான் சொன்னேன்: "சார், நாற்பது பேர் வேலை பார்க்கிற இடத்தை நடத்திக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு முடிவையும் பயந்து பயந்துதான் எடுத்திருக்கேன். நல்லபடியா முடிஞ்சா அதிர்ஷ்டம்னு நெனைச்சுக்குவேன். அது அதிர்ஷ்டமா, எனக்குத் தெரிஞ்சதான்னு இனிமேலாவது தெரிஞ்சுக்கணும்." அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்தார். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

ஓரத்தில் இருந்த அம்மாள், "வீட்ல சம்மதமா?" என்று கேட்டார். "அவர்தான் போகச் சொன்னார்" என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே பொய் அது. சொன்ன நொடியில் அது நிஜமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. நல்லவேளை, அந்த அம்மாள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் நான்


கப்பல்,
ஏப்ரல் 6

அன்புள்ள உனக்கு,

இரண்டு கடிதமும் ஒரே துறைமுகத்தில் கிடைத்தன. மூன்று நாளாக எழுதி எழுதி மடித்து வைத்துவிட்டேன். இன்று அனுப்பியே ஆக வேண்டும், நாளை கப்பல் கிளம்புகிறது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்வரை வந்து தட்டிப்போகிறது. நீ படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போடேன். அடுத்த ஜூலையில் நானே உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விடுதியில் விடுகிறேன்.

இங்கே என் நிலைமை தெரியுமா? கேபின் சுவரில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். கரை இறங்கியதும் செய்ய வேண்டியவை. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நீ வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று பார்ப்பது. சாயங்காலம் காய்கறி வாங்க இரண்டு பேரும் போவது. உனக்குத் தலைவலி வந்தால் அன்றைக்கே தெரிந்துகொள்வது. எப்போதும் உன் காய்ச்சல் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வருகிறது. நீ குணமாகி நடமாடிக்கொண்டிருப்பாய், நான் இங்கே கவலைப்பட ஆரம்பிப்பேன்.

அந்தத் தாளில் எல்லா வரியிலும் நீ இருக்கிறாய். நீ இல்லாத வீட்டில் நான் என்ன செய்ய?

ஒரு வருஷம்தானே. யோசித்துப் பார்.

உன்
இஞ்சினியர்


வீடு,
ஏப்ரல் 30

என்னங்க,

சீட்டு கிடைத்துவிட்டது. நேற்றுக் கடிதம் வந்தது. குட்டி போனில் கத்திய கத்தலில் வார்டில் யாரோ அதட்டினார்களாம்.

ஒரு வாரம் தாமதமாகச் சேரலாமா என்று கல்லூரியில் கேட்டேன். முதல் வாரம் வராவிட்டால் இடம் போய்விடும் என்றார்கள். அடுத்த வருஷம் சேரலாமா என்றும் கேட்டேன். உங்களுக்காகத்தான் கேட்டேன். மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமாம்.

நீங்கள் யோசிக்கச் சொன்னீர்கள். யோசித்தேன். நான் போகிறேன்.

கோபத்தில் எழுதவில்லை, சத்தியமாக. ஆனால் ஒன்றை இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். குட்டி வயிற்றில் இருந்தபோது, "இந்த ஒரு கான்ட்ராக்ட் மட்டும்" என்றீர்கள். வீடு கட்டும்போது, "இது ஒன்று மட்டும்". என் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது, "போய்ட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன்". ஒவ்வொரு தடவையும் அதற்கு நியாயம் இருந்தது. நானும் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். சட்டையை மடித்து வைத்துவிட்டு, நீங்கள் தெருமுனை திரும்பும்வரை சிரித்த முகமாக நின்றிருக்கிறேன். சொல்லிக்காட்டவில்லை. "ஒரு வருஷம்தானே" என்ற சொல்லின் எடை எனக்குத் தெரியும் என்று சொல்கிறேன். உங்களுக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த வயதில் அடுத்த வருஷம் என்பதை நம்பிக் கடன் கொடுக்க முடியாது. கண் மங்கும், தைரியம் மங்கும், இல்லாவிட்டால் வேறு ஏதாவது நியாயமான காரணம் வரும்.

நீங்கள் இறங்குகிற நாளில் நான் அங்கே இருக்க மாட்டேன். நீங்கள் எழுதிய தாளில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நானும் ஏங்கியிருக்கிறேன், உங்களுக்கு முன்னாலிருந்தே. பதினைந்து மாதம் எனக்காகப் பொறுத்துக்கொள்வீர்களா?

பதில் போடுங்கள். கோபமாக இருந்தாலும் போடுங்கள்.

உங்கள் நான்


வீடு, சாப்பாட்டு மேசை,
ஜூன் 29

என்னங்க,

பதில் வரவில்லை. குட்டியிடம் போனில் பேசினீர்களாம். "அம்மாகிட்ட என்ன பேசறதுன்னு தெரியலை" என்றீர்களாம். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வருவீர்களா, குட்டியிடம் போவீர்களா, வேறு கப்பல் ஏறுவீர்களா என்று தெரியவில்லை. வந்தால் கண்ணில் பட வேண்டும் என்று இதை மேசையில் வைக்கிறேன்.

சாவி பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் இருக்கிறது. தண்ணீர் காலையில் ஆறிலிருந்து ஏழுவரை வரும். மோட்டார் சுவிட்ச் கதவுக்குப் பின்னால், இடது பக்கம். வலது பக்கத்தில் இருப்பதைத் தொடாதீர்கள், அது எதற்கு என்று எனக்கே தெரியாது. குளியலறைக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும். உங்கள் சட்டைகளைத் தேய்த்து மேல்தட்டில் வைத்திருக்கிறேன். முழங்காலுக்கான தைலம் படுக்கைக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் ரயில். ஸ்டேஷனுக்கு நானே போய்க்கொள்வேன்.

உங்கள் நான்


விடுதி, கீழ்த்தளம், அறை எண் 4,
ஜூலை 8

என்னங்க,

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று வெகுநேரம் யோசித்தேன். குட்டிக்கும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. "இறங்கிட்டேன், அப்புறம் பேசறேன்" என்று மட்டும் செய்தி அனுப்பினீர்களாம். கடைசியில் உறையின் மேல் நம் வீட்டு விலாசத்தையே எழுதினேன். என் வீட்டுக்கு நானே கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கதவு எண் சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

வகுப்பில் எல்லாரும் என்னை அக்கா என்கிறார்கள். ஒருத்தன் மட்டும் ஆன்ட்டி என்றான், மற்றவர்கள் அவனை அடக்கிவிட்டார்கள். முதல் பாடத்தில் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னேன். ஆசிரியர் எதனால் தப்பு என்று கால்மணி நேரம் விளக்கினார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அறையில் ஒற்றைக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். சாயங்காலமானால் எல்லாரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நடக்கிறார்கள். நான் அறையிலேயே இருந்துவிடுகிறேன்.

எங்கே இருக்கிறீர்கள்?

நான்


வீடு,
ஜூலை 15

அன்பு மனைவிக்கு,

கதவு எண் சரிதான். கடிதம் வந்தது. வாங்க ஆள் இருந்தது.

பதில் எழுதாதது தப்பு. உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. கோபம் உன் மேல் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். சமையல்காரர் ஒரு நாள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "சார், சாப்பாட்டு மேல கோபத்தைக் காட்டாதீங்க, அது என்ன எம்.பி.ஏ.வா படிக்கப் போகுது" என்றார். சிரிப்பு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோபமும் சரியாக வரவில்லை.

இறங்கிய அன்று துறைமுகத்து வாசலில் நின்றேன். எப்போதும் நீ நிற்கிற இடத்தில் யாரோ ஒருவர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் அங்கேயே ஒரு விடுதியில் தங்கினேன். கம்பெனியிலிருந்து போன். வேறொரு கப்பலுக்கு அவசரமாக ஆள் வேண்டும், ஆறு மாதம், வருகிறீர்களா என்றார்கள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் வந்தேன். உன்னிடம் மறைக்க விருப்பமில்லை.

வீட்டில் ஒரு நாள் இருந்தேன். காலை போய்விட்டது. மதியம் எப்படியோ போனது. சாயங்காலம் நகரவே இல்லை. நாற்காலியை ஹாலிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து ஹாலுக்கும் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், எதாவது தேடறீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

மறுநாள் உட்கார முடியாமல் பஸ் ஏறினேன். உன் தொழிற்சாலைக்குப் போனேன். இருபத்தோரு வருஷம் நீ போய் வந்த இடத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இது எனக்கு அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. சாப்பாட்டு நேரம். பெட்டிகளுக்குக் கட்டுப் போடுகிற அம்மாள் ஒருவர், நெற்றியில் வெட்டுத் தழும்பு இருக்குமே, அவர் என்ன வேண்டும் என்று கேட்டார். "மேனேஜரம்மாவோட வீட்டுக்காரர்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "அம்மாவுக்கு வீட்டுக்காரர் இருக்காருன்னு தெரியும் சார். இன்னிக்குத்தான் நம்பறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எங்கோ சுருக்கென்றது.

அவர்தான் அழைத்துப் போய் அந்த மூலையைக் காட்டினார். சாப்பாட்டு நேரத்தில் நீ படித்த இடம். கவிழ்த்துப் போட்ட பெட்டிதான் மேசை. "இருபது கணக்கு, இருபது நிமிஷம் சார். நான்தான் கையில வாட்ச்சை வெச்சுக்கிட்டு நிப்பேன். அஞ்சு மாசம் ஒரு நாள் விடலை. ஒரு நாள் பத்தொன்பது நிமிஷத்துல முடிச்சாங்க. அன்னிக்கு எங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாங்க. பரீட்சை அன்னிக்கு நான் வேலை முடியற வரைக்கும் வாட்ச்சையே பார்த்துக்கிட்டிருந்தேன் சார்."

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது, அந்த ஐந்து மாதத்தில் நான் உனக்கு எழுதிய கடிதங்களில் என்ன இருந்தது என்று யோசித்தேன். சமையல்காரரின் கூத்துதான் இருந்தது.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆமாம், என் மனைவி வெளியூரில் இருக்கிறாள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் தெம்பாக இருந்தது.

நேர்முகத் தேர்வில் ஓரத்து அம்மாளிடம் நீ சொன்ன பொய்யைப் பற்றிக் கவலைப்படாதே. தாமதமாகத்தான் வருகிறது, ஆனாலும் சொல்கிறேன்: போ. படி. தப்புத் தப்பாகப் பதில் சொல். முதல் விடுமுறை எப்போது என்று எழுது. நீ வர முடியாவிட்டால் நான் வருகிறேன். விருந்தினர் எத்தனை மணிவரை இருக்கலாம் என்று விடுதியில் கேட்டு வை.

ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமாகி நாற்பதாம் நாள் நான் முதல் கப்பல் ஏறினேன். உனக்கு இருபத்திரண்டு வயது. அந்த முதல் வாரம் நீ என்ன செய்தாய்? ஐந்து மணிக்கு மேல் எங்கே உட்கார்ந்தாய், யாரிடம் பேசினாய், எப்படிச் சாப்பிட்டாய்? இருபத்தைந்து வருஷத்தில் நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. இன்றைக்கு எனக்கு அது தெரிய வேண்டியிருக்கிறது.

சுருக்காமல், ஒன்று விடாமல் எழுது. எனக்கு நேரம் இருக்கிறது.

உன்
வீட்டுக்காரன்